மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழாவும் சுற்றுலாவும் வழக்கம்போல் நடந்தன. மீதி அறிக்கை மாதாந்திர பிரஷர், எடைப் பரிசோதனை பற்றியது.

முதலில் ஒரு திருத்தம். ஆண்டின் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கைப்பட்டையைத்தான் சுற்றினோம். மேற்கை 32 செ.மீ.க்கு மேல் இருப்பவருக்கு நடுத்தரப் பட்டை பற்றாது. உள்ளிருக்கும் காற்றுப்பை கையை ஐந்தில் நான்கு பங்காவது சுற்றாவிட்டால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பருமனானவர்களின் பழைய அளவுகளை எனவே கணக்கில் எடுக்க வேண்டாம். பெரிய பட்டை வாங்கியாயிற்று. இப்போது டேப்பால் கையை அளந்த பிறகே பட்டை. படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டுவதும் நின்றது. காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். (நம் சங்கத்தில் இந்தப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.) ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுகிறோம்.

பிறகு நிற்கவைத்து 1, 3 நிமிடங்களில் மறுபடி பார்க்கிறோம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருத்துவருக்குச் சீட்டு. இரவில் கழிப்பறைக்கு எழும்போது தலைசுற்றி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்புக்கு உப்பை எடை போட்டுப் போடுகிறவர் யாருமில்லை. ஆகவே பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதி எழுதச் சொன்னோம். இருவர் உள்ள வீட்டில் 1 கிலோ 100 நாளாவது வர வேண்டும். நால்வர் என்றால் 50 நாள். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வராததால் இன்னும் சில நாள் கூடுதலாக வந்தால்தான் சரி. இந்துப்புக்கு மாறினால் லாபமில்லை, அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எடையில் அவசரம் ஆகாது. 70 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ குறைத்தால் போதும். இரவுச் சாப்பாட்டை விட்டுப் பட்டென்று இளைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். ஆகையால் எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் (ஆண் 90, பெண் 80 செ.மீ.க்குள்), கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்பதையும் அட்டையில் குறிக்கிறோம். எடை இறங்கி எழும் எண்ணிக்கையும் இறங்கினால், பருப்பு, முட்டை, தயிர் போதவில்லையா என்று விசாரிக்கிறோம்.

அடுத்த பரிசோதனைக்கு எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருவதும் கடையில் வாங்குவதும் வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மூட்டுவலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்