விற்றுமுதல் வரம்பில் நழுவும் இணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் சிறு போட்டியாளரை வாங்கினால் எல்லோரும் தொகையைத்தான் பேசுகிறோம். ஓட்டை இருப்பது விதியில். இணைப்புக்கு முன் அனுமதி தேவையா என்பதைப் பல நாடுகள் விற்றுமுதலை, அதாவது நிறுவனங்களின் ஆண்டு விற்பனை வருமானம் ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்பதை, வைத்தே முடிவு செய்துவந்தன. பயனரிடம் காசு வாங்காத செயலிக்கு விற்றுமுதல் ஏது? 2012இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலர் பேசியபோது இன்ஸ்டாகிராமில் 13 பேர்தான் வேலை பார்த்தார்கள், வருமானமே இல்லை.

2014இன் வாட்ஸ்அப் ஒப்பந்தம் 1,900 கோடி டாலர். அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பை எட்டவில்லை! ஃபேஸ்புக்கே கோரியதால்தான் ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. இரு சேவைகளின் கணக்குகளையும் நம்பகமாகத் தானியங்கி முறையில் பொருத்த இயலாது என்று அப்போது ஃபேஸ்புக் சொன்னது. 2016இல் தொலைபேசி எண் வழியே அவற்றை இணைக்க அதுவே வழி செய்தது. தவறான தகவலுக்கு 2017இல் 11 கோடி யூரோ அபராதம்; ஒப்புதல் மட்டும் அப்படியே நின்றது. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அபராதம் சில்லறைதான்.

அதே ஆண்டு ஜெர்மனி 40 கோடி யூரோ, ஆஸ்திரியா 20 கோடி யூரோ என ஒப்பந்த மதிப்புக்கே வரம்பு வைத்தன. இதுவே சரியான அளவுகோல். கணக்கில் வருமானம் பூஜ்யமாக இருக்கலாம். போட்டியாளர் எவ்வளவு அச்சுறுத்தல் என்பதை விலை காட்டிக்கொடுத்துவிடும்.

முன்கூட்டியே தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஃபிக்மா இருக்கிறது. பிரிட்டன், ஐரோப்பிய ஒழுங்காற்று அமைப்புகளின் எதிர்ப்பால், அதை வாங்கும் 2,000 கோடி டாலர் ஒப்பந்தத்தை மென்பொருள் நிறுவனமான அடோபி 2023 டிசம்பரில் கைவிட்டு, 100 கோடி டாலர் முறிவுத்தொகை கொடுத்தது. ஃபிக்மா தனித்தே இயங்கி 2025இல் பங்குச்சந்தைக்கு வந்தது.

இப்படிக்கு,
வாசகர்