உடல் தானப் படிவத்தில் மூளைக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறதி நோய்க்கான புதிய மருந்துகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படையான மூளை தானத்தைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. கண் தானம் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. உடல் தானத்துக்கும் படிவம் இருக்கிறது. மூளை தானம் என்று கேட்டால் யாரிடம் அனுப்புவது என்றே பலருக்கும் தெரிவதில்லை.

உடல் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அதில் மூளையும் சேராதா என்று கேட்கிறார்கள். சேராது. தானமாக வரும் உடலின் ரத்தக்குழாய்க்குள் ஃபார்மலின் செலுத்தி உடற்கூறியல் துறையினர் பதப்படுத்துகிறார்கள். மாணவர்கள் அறுத்துப் படிக்க அது போதும். ஆனால் அதன்பின் மூளைத் திசுவை உறையவைத்து, அதிலுள்ள ஆர்.என்.ஏ.வையும் (மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) நரம்பு வேதிப்பொருள்களையும் சரியாக அளக்க முடியாது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு தானமும் வேறு. சிறுநீரகமும் கல்லீரலும் இன்னொருவருக்குப் பயன்படும். மூளைக்கோ பல மணி நேரமாக ரத்த ஓட்டமே இருந்திருக்காது. கையில் எடுத்தால் குழைந்துபோகும்.

பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்து லெவோடோப்பா. அதற்கு வழிகாட்டியது இறந்தவர்களின் மூளைதான். 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்ற ஆராய்ச்சியாளர்கள், மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் என்ற நரம்பு வேதிப்பொருள் எவ்வளவு என்று சோதித்தார்கள். டோபமின் இருந்தால் நிறம் காட்டும் வேதிப்பொருளைச் சேர்த்ததும் நோயில்லாதவர்களின் மாதிரி இளஞ்சிவப்பாக மாறியது. பார்க்கின்சன் நோயாளிகளின் மாதிரியில் நிறம் தட்டியும் தட்டாமலும் இருந்தது. கருவியில் அளக்கும் முன்பே அது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே பிர்க்மேயர் என்ற மருத்துவரும் ஹோர்னிகீவிச்சும், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோப்பாவை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளை இருந்ததால்தான் இது முடிந்தது. எனவே கடைசிவரை நினைவு தெளிவாக இருந்து 85 வயதில் இறப்பவரின் மூளையும் நோயாளியின் மூளைக்குச் சமமாகத் தேவைப்படுகிறது. இதைச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை.

இப்போது பெட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அவை அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்களைக் காட்டுகின்றன. 80 வயதைத் தாண்டியவர்களிடம் அல்சைமர் போலவே நினைவை அழிக்கும் டி.டி.பி.-43 என்ற புரதப் படிவை உயிரோடிருக்கும்போது உறுதிசெய்ய நம்பகமான சோதனை இன்னும் இல்லை. ஒரே மூளையில் இரண்டு மூன்று கோளாறுகள் கலந்திருப்பதும் அந்த வயதில் சகஜம். அமிலாய்டை அகற்றும் மருந்து ஒருவருக்குக் கொஞ்சம் உதவி, இன்னொருவருக்கு உதவாமல் போவதை விளக்க வேண்டுமானால் திசுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். உயிர் பிரிந்ததும் உடலை 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது; மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். வீட்டில் இறந்தால் வாடகை ஃப்ரீசர் பெட்டி வரும்வரை தலையைச் சுற்றி ஐஸ் பைகள் வைக்கலாம், ஏனென்றால் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை மெதுவாகத்தான் குளிரும். சில மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. 24 மணி நேரம் கடந்தால் ஆராய்ச்சிப் பயன் வெகுவாகக் குறையும். நெதர்லாந்து மூளை வங்கியில் சராசரியாக 6 மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

தலையின் பின்பக்கமாக ஒரு காதிலிருந்து மறு காதுவரை கீறி மூளையை எடுத்து, மண்டையோட்டைப் பொருத்தித் தைத்துவிடுவார்கள். தையல் முடிக்குள் மறையும். முகத்துக்கு எதுவும் ஆகாது, இறுதிச் சடங்குக்கும் தடையில்லை.

மூளையை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சுமார் ஒரு செ.மீ. தடிமனில் சீவி மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். மறு பாதி 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு மூன்று வாரம் ஊறும். அவசரத்தில் சிறிய வாளியில் அடைத்துவிட்டால் மூளை அடிப்பக்கம் தட்டையாகிவிடும். திரவம் உள்ளே மிக மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், அளவு குறைந்தால் வெளிப்புறம் கெட்டியாகி உட்புறம் அழுகி, வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்களால் ஓட்டை ஓட்டையாகிவிடும். முழு மூளையாக ஊறவைக்கும்போது அடிப்பக்க ரத்தக்குழாய்க்கு அடியில் நூல் கோத்துத் தொங்கவிடுவது அடிப்பக்கம் தட்டையாகாமல் இருக்கத்தான். நாள்கணக்கில் மூச்சுத் திணறி இறந்தவரின் மூளையில் அமிலத்தன்மை கூடி, பி.எச். 6-க்குக் கீழேகூடப் போயிருக்கலாம். அதில் ஆர்.என்.ஏ. ஆய்வு சரிவராது, ஆனாலும் நுண்ணோக்கியில் பார்க்கப் பயன்படும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தானம் செய்பவர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இறந்தபின் நெருங்கிய உறவினர் ஒப்புதல் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். நோய் தொடங்கிய ஆண்டு, நினைவுச் சோதனை மதிப்பெண்கள், மாத்திரைப் பட்டியல், ஸ்கேன் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். விவரமில்லாத மூளையால் பாதிப் பயன்தான். மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில மாதங்களிலேயே வேகமாக முற்றிய மறதி நோய் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் பிரியான் என்ற தொற்றும் புரதமாக இருக்கலாம்; அது ஃபார்மலினில் செயலிழக்காது. விபத்து, தற்கொலை என்றால் போலீஸ் நடைமுறை முடியாமல் எதுவும் செய்ய முடியாது.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசுக் களஞ்சியம் இயங்குகிறது. சென்னையிலிருந்தே சாலை வழியாகச் சுமார் 350 கி.மீ.; நாகர்கோவில்காரர் என்ன செய்வார்? முழு மூளையைச் செல் அளவில் படமெடுக்கும் மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. பிரேதக் கிடங்கும் குளிரறையும் நோய்க்குறியியல் துறையும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. சென்னை, மதுரை, கோவை, நெல்லை ஆகிய நான்கு இடங்களில் பயிற்சி பெற்ற ஒரு தொழில்நுட்பரையும் ஒரு மைனஸ் 80 ஃப்ரீசரையும் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசியையும் ஏற்பாடு செய்தால் போதும்.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. உடல் தானப் படிவத்தில் மூளைக்கென ஒரு வரி சேர்த்து, முதலில் மூளையை எடுத்துவிட்டுப் பிறகு உடலைப் பதப்படுத்தும்படி கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரம்பியல், நோய்க்குறியியல் மருத்துவர்கள் சிலர்,
சென்னை