செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை: தாய்ப்பாலும், அது கிடைக்காத குழந்தையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆலோசகர்களே, செயலவை உறுப்பினர்களே, பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் இயங்கிவரும் நம் தாய்சேய் நலச் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைக் குறித்த இவ்வறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயலவைக் கூட்டங்கள் முறையாக நடந்தன. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியவை காலத்தோடு அனுப்பப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படைப்பார் என்பதால் அதை நான் தொடவில்லை.

கடந்த பொதுக்கூட்டத்தில் இதே மேடையின் பின்புறம் தொங்கிய துணிப் பதாகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'பாலூட்டாதவள் தாயா?' என்று அதில் எழுதியிருந்தோம். அந்த வாசகத்திற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அன்று மூன்றாம் வரிசையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், தேநீருக்கு முன்பே எழுந்து போய்விட்டார். குழந்தை அழுததால் போயிருப்பார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். கர்ப்ப காலத்திலேயே அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, பிரசவத்திற்குப் பின் மருந்தேற்றும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது என்பதும், அச்சிகிச்சை நடக்கும் காலத்தில் பால் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார் என்பதும் இரண்டு வாரம் கழித்து அவருடைய மாமியார் வாயிலாகத்தான் எங்களுக்குத் தெரிந்தன. தலைவரும் நானும் பட்டர்வொர்த்தில் உள்ள அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் கொடுத்துவிட்டு, "ஊறி வந்த பாலைக் கட்டி நிறுத்தின வேதனை எனக்குத் தெரியும் அக்கா, அதைத் துணியில எழுதித் தொங்கவிட வேணாம்" என்று மட்டும் சொன்னார். பால் வற்றுவதற்காக மாமியார் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினாராம். இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பால் சுரப்பைக் குறைப்பதில் மல்லிகை மாத்திரைக்கு இணையாக வேலை செய்ததை 1988இல் வெளிவந்த வேலூர் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு, இவ்வாண்டின் பணியை வேறு கேள்வியிலிருந்து தொடங்குவது என முடிவு செய்தோம். தாய்ப்பாலின் சிறப்பை எடுத்துச் சொல்வதில் இச்சங்கம் ஒருநாளும் சளைத்ததில்லை; ஆனால் கொடுக்க இயலாமல் போன தாய் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நம்மிடம் விடை இருந்ததில்லை. விடை இல்லாத இடத்தில் பால் டின் கம்பெனியின் விளம்பரமும், பக்கத்து வீட்டு யோசனையும் புகுந்துவிடுகின்றன.

முதற்பணியாக, இயலாமைக்கான காரணங்களைப் பிரித்தறிய ஓய்வுபெற்ற மிசி (தாதி) ஒருவரின் துணையோடு வீடு வீடாகச் சென்றோம். "பால் ஊறவில்லை" என்று சொன்ன தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பால் இருந்தது. அது போதுமா என்ற ஐயம்தான் இருந்தது. பிறந்த முதல் நாளில் குழந்தையின் இரைப்பை மிகச் சிறிதளவே கொள்ளும் என்பதையும், மஞ்சளாய்ச் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பால் அதற்குப் போதும் என்பதையும் சொல்லாமல் விட்டால், இரண்டாம் நாளே வீட்டார் புட்டியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் வாரத்தின் கடைசியில் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போகிறதா, இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோதிருந்த எடை திரும்பிவிட்டதா என்று பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பது, சுக்குத் தண்ணீர் புகட்டுவது, வெயில் கொளுத்துகிறது என்று பச்சைத் தண்ணீர் கொடுப்பது ஆகிய மூன்றையும் ஆறு மாதம்வரை நிறுத்தும்படி பாட்டிமார்களிடம் கேட்டுக்கொண்டோம். சுறாப் புட்டையும் பூண்டையும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் நன்றாகச் சாப்பிட அவை ஒரு சாக்காக இருக்கின்றன.

எனினும், உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார்களும் இருக்கிறார்கள். பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போனதால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி பழுதடைந்தவர்கள், மார்பகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், சுரப்புத் திசு போதிய அளவு வளராதவர்கள், நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிட்டவர்கள் என்று இப்பட்டியல் நீளும். சில குழந்தைகளாலும் பாலைக் குடிக்க முடியாது. கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறையுள்ள குழந்தைக்குப் பாலிலுள்ள சர்க்கரையே நஞ்சாகிவிடும். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார்களுக்கு நம் நாட்டில் மாற்றுப் பால் கொடுக்கவே அறிவுறுத்துகிறார்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் சான்றளித்தது; அதன் பின்னால், வாய் திறந்து சொல்ல முடியாத காரணத்திற்காகப் புட்டியைக் கையிலெடுத்த எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். இனி இச்சங்கத்தின் உறுப்பினர் எவரும் புட்டிப்பால் கொடுக்கும் பெண்ணிடம் "ஏன்?" என்று முதற்கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று செயலவை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. உங்கள் ஒப்புதலுக்காக அதை இங்கே வைக்கிறேன்.

இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் வகையினர்தான் நமக்கு அதிக வேலை வைத்தனர். பாயான் லெப்பாஸ், பிறை ஆகிய ஊர்களில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களைச் சொல்கிறேன். வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, நன்மைதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று தேசியக் கொள்கை 2005 முதல் சொல்லி வருகிறது. ஆறு மாதத்திலிருந்து 98 நாளைக் கழித்தால் ஏறத்தாழ 82 நாள் மிஞ்சும். பிரசவத்திற்கு முன்பே விடுப்பெடுத்தவருக்கு அது இன்னும் கூடும். அந்த நாள்களில் வேலையிடத்தில் பால் பீய்ச்ச நேரமும் இடமும் தர வேண்டும் என்று தனியார் துறையைக் கட்டாயப்படுத்தும் விதி அச்சட்டத்தில் இல்லை. நம் உறுப்பினர் ஒருவர் சாமான் அறையில் அட்டைப்பெட்டிகளின் மறைவில் நின்று பால் பீய்ச்சியிருக்கிறார். வேறொருவருடைய மேற்பார்வையாளர், கழிவறை இருக்கிறதே என்றாராம். அவர் தம் மதியச் சோற்றைக் கழிவறையில் வைத்து உண்பாரா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் வேலையை எண்ணி வாயடக்கிக்கொண்டு, நிர்வாகத்திற்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். இப்போது கதவு சாத்தும் அறை ஒன்று கிடைத்திருக்கிறது.

இவ்விடத்தில் என் பாட்டியின் நினைவு வருகிறது. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் அவர் விடியுமுன்னே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போவார். வெட்டி முடித்தபின், கோப்பைகளில் பால் இறங்கிச் சேர்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த மரத்துப் பால் சொட்டும் நேரத்தில் இந்தப் பாலைக் கொடுக்க ஓடி வருவாராம். தோட்டத்துக் கணக்கரான கிராணியாருக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டாராம். அந்த இடைவெளிகூட இன்றைய தொழிற்சாலை வரிசையில் இல்லை.

பீய்ச்சிய பாலைப் பாதுகாப்பது குறித்துக் கடைத்தெருவுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் நடத்திய வகுப்புகளுக்கு எதிர்பாராத கூட்டம் வந்தது. மார்பு நிறைந்தே இருந்தால் சுரப்பு தானாகக் குறையும் என்பதால், வேலை நேரத்தில் ஏறக்குறைய மூன்று மணிக்கு ஒருமுறையாவது பீய்ச்ச வேண்டும். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாளும், உறைபெட்டியில் ஆறு மாதம்வரையும் நல்ல நிலையில் இருக்கும். நான்கு மணி நேரம் என்பது 25 பாகை செல்சியஸ் வெப்பத்திற்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் மதிய வெயிலில் அதை நம்பக் கூடாது, ஐஸ் பொட்டலம் வைத்த பையில்தான் கொண்டுவர வேண்டும். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. புட்டி இல்லாமலும் பாலைப் புகட்டலாம் என்று காட்டுவதற்கு மூத்த உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுப் பாலாடையை, அதாவது பால் புகட்டும் சிறு கிண்ணத்தை, கொண்டுவந்தார். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று மிசி சொன்னதும், இளம்பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

தாயின் பால் கிடைக்காதபோது பிற தாயின் பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை. மாவுப்பால் அதற்கும் அடுத்ததே. ஆறு கார்த்திகைப் பெண்களிடம் பால் குடித்தவனுக்கு ஆண்டுதோறும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கும் நமக்கு இது புதிய செய்தியாகாது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இலேயே தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. அத்தகைய வங்கிகளில் கொடுப்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 பாகையில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 2011இல் இஸ்லாமிய சமயத் தீர்ப்பு வழங்கும் தேசிய ஃபத்வா குழு பால் வங்கி அமைப்பதை அனுமதிக்கவில்லை. இதைப் பற்றிச் செயலவையில் பேச்செழுந்தபோது, நம் தமிழ் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை ஒரு பெண்ணிடம் ஐந்து முறை நிறைவாகப் பால் குடித்தால் ஷாஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட வழிமுறைப்படி அவள் அதற்குப் பால்குடித் தாய். அவள் பிள்ளைகளை அது பிற்காலத்தில் மணக்க முடியாது. யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாத வங்கியால் அறியாமலே விலக்கப்பட்ட திருமணம் நேர்ந்துவிடும் என்பதே அச்சம். ஆகவே நம் சங்கம் பால் வாங்கிக் கொடுக்கும் தரகு வேலையில் இறங்குவதில்லை என முடிவாயிற்று. இணையத்தில் முகம் தெரியாதவரிடம் பால் வாங்குவதையும் நாங்கள் ஊக்குவிக்கவில்லை. நோய்த்தொற்றும் மருந்தும் பாலோடு வரக்கூடும். ஒரு வீட்டில் மட்டும், இரத்தப் பரிசோதனை முடிந்தபின், பெரியம்மாவே கொழுந்தன் குழந்தைக்கும் பால் கொடுத்தார். எங்கள் பங்கு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றதோடு முடிந்தது.

கடைசி வழியான மாவுப்பாலைக் கலக்கக் கற்றுக்கொடுப்பது டின் பாலுக்கு விளம்பரமாகிவிடாதா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் நின்றுகொண்டு, இனிப்புக் கெட்டிப்பாலைக் கைக்குழந்தைகளுக்கு விற்பதைக் கொலை என்றே பேசினார். பால் மாவு விற்பனைக்கு நெறி வகுத்த அனைத்துலக விதித்தொகுப்பு 1981இல் நிறைவேறியபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தது ஒரே நாடு. உலகத் தாய்ப்பால் வாரத்தை நடத்தும் உலகக் கூட்டமைப்பு 1991இல் உருவாகி, நம் பினாங்கிலிருந்தே இயங்குகிறது. 2006இல் 14.5 விழுக்காடாக இருந்த, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளின் அளவு 2016இல் 47.1 விழுக்காடானது இத்தகையோர் உழைப்பால்தான். ஆயினும் வேறு வழியில்லாத தாய்க்குத் தவறாகக் கலக்கத் தெரிந்திருப்பதைவிடச் சரியாகக் கலக்கத் தெரிந்திருப்பது மேல் என்று பெரும்பான்மையோர் கருதியதால், கம்பெனி எதன் பெயரும் இல்லாமல், டின்னின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி வகுப்பை நடத்தினோம்.

மாவு நுண்ணுயிரற்றது என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தோம்; அது தவறு. மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால், கொதித்த நீர் 70 பாகைக்குக் கீழே ஆறுவதற்குள், அதாவது அரைமணிக்குள், அதில் மாவைக் கலந்து, பிறகு புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற வைக்க வேண்டும். தண்ணீர் இயந்திரத்தில் வரும் வெதுவெதுப்பான நீரில் கலப்பது வசதியானது, பாதுகாப்பானதன்று. கலந்த பால் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மாதக்கடைசியில் டின் நீடித்து வர வேண்டுமென்று ஒரு கரண்டி குறைத்துப் போடும் வழக்கம் சில வீடுகளில் இருப்பதைக் கண்டோம். அவ்வீடுகளுக்கு அறிவுரையோடு நிற்காமல், செயலவையின் ஒப்புதலுடன் பால் மாவும் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வயதுவரை பசும்பாலும், ஆறு மாதம்வரை கஞ்சியும் மாற்றாகா என்பதையும் அங்கேயே சொன்னோம்.

அவ்வகுப்பில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நீரின் சூட்டைக் காட்டியவர், நான் முதலில் குறிப்பிட்ட பட்டர்வொர்த் உறுப்பினர்தான். சிகிச்சை முடிந்து, தலைமுடி விரற்கடை அளவு வளர்ந்திருக்கிறது. வரும் ஆண்டில் வீடு செல்லும் குழுவில் சேர அவர் இசைந்துள்ளார். ஆனால் மறுகரையான பட்டர்வொர்த் பக்கத்தில் அவரோடு செல்ல இன்னும் இருவர் தேவை. கார் உள்ளவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஃபெரிக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகத் தாள் ஒன்று வாசலருகில் உள்ள மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.