ரைஃபிளின் பின் ஸ்டட் ஆடுகிறது என்று எழுதிய சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்குப் பிட்ஸ்பர்க்கிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் கட்டாயம் சொல். இங்கே மிச்சிகனில் எப்போதும்போல நவம்பர் 15 அன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் துவக்கம். உங்கள் பென்சில்வேனியாவில் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமைதானே, அதனால் உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ரைஃபிளின் பின் ஸ்டட், அதாவது தோள்வார் மாட்டுவதற்காக மரக்கட்டையின் பின்பக்கத்தில் திருகியிருக்கும் குமிழ், விரலால் திருப்பினாலே சுற்றுகிறது, இந்த வருஷம் இப்படியே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்து 4 கிலோவுக்குக் குறையாது, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறையில் ஏறும்போது ஸ்டட் பிடுங்கிக்கொண்டால் குழல் யார் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

தீக்குச்சியை ஒடித்துச் செருகி, பசை விட்டு முடுக்குவது கதவுக் கீலுக்குச் சரி, இதற்கு ஆகாது. ஓட்டையில் மரக்குச்சி அடித்துத் திரும்பத் துளை போடுகிறார்களே, அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் குச்சியின் நார் ஸ்க்ரூ போகும் திசையிலேயே ஓடுகிறது, மரைக்கு அங்கே பிடிப்பு குறைவு. இரண்டு திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸி பசைதான் நல்லது, அதுவும் 5 நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் ரகமாக வாங்கு.

முதலில் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, அதை மூடும் போல்ட்டைக் கழற்றி வை. ஸ்டட்டை எடுத்ததும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார், மரம் கறுத்திருந்தால் பழைய துப்பாக்கி எண்ணெய் ஊறியிருக்கிறது, அதன்மேல் எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது. பஞ்சில் அசிட்டோன் நனைத்துக் கறை வராத வரைக்கும் துடை, வெளியே வார்னிஷில் படாமல் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்பக்கம் வாயைவிட அகலமாகச் சுரண்டிவிட்டால் எபாக்ஸி இறுகிய பிறகு உருவிக்கொண்டு வராது. ஸ்டட்டின் மரை முழுக்க ஷூ பாலிஷ் தடவு, இல்லாவிட்டால் அது ஜென்மத்துக்கும் கழலாது. எபாக்ஸியைப் பல்குச்சியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டட்டை இறக்கு, அதன் குறுக்கு ஓட்டை இடம் வலமாக நிற்க வேண்டும். மறுநாள் அந்த ஓட்டையில் ஓர் ஆணியைக் கொடுத்துத் திருப்பினால் கழன்று வரும், உள்ளே மரை அச்சாக விழுந்திருக்கும்.

அப்புறம் முன் ஸ்டட்டையும் விட்டுவிடாதே. உன்னுடையது வால்நட் மரத்தில் செய்த ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை) என்பதால் பெரும்பாலும் அங்கே மர ஸ்க்ரூ இருக்காது, குழலுக்கு அடியில் நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த ஸ்டட்டில் பைபாட் என்கிற இரட்டைக் கால் தாங்கியை மாட்டுகிறவன் நீ, அது நெம்பி நெம்பியே நட்டை மரத்துக்குள் அமுக்கிவிடும். ஸ்டாக்கைக் கழற்றி நட்டுக்கு அடியிலும் கொஞ்சம் எபாக்ஸி வை. ஸ்க்ரூ முனை மேலே துருத்திக்கொண்டு குழலில் இடித்தால் குறி மாறும், அரத்தால் ராவிவிடு.

எல்லாம் பூட்டியதும் தோள்வாரைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் ஜீரோ, அதாவது ஸ்கோப்பில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழுகிறதா என்று சரிபார்த்துவிடு, ஸ்டாக் கழன்ற துப்பாக்கியை அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதே. சந்தேகம் இருந்தால் எபாக்ஸி ஊற்றுவதற்கு முன்னால் ஓட்டையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜா