ஸ்கேனர் வாங்கேக்க டிபிஐ மட்டும் பாக்காதீங்க, உள்ளுக்கு ஓடுற வண்டியையும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் இப்ப பள்ளிக்கூடம், கோயில், லைப்ரரி, ஊர்ச்சங்கம் எண்டு கன இடத்தில பழைய கடுதாசிகள ஸ்கேன் பண்ணி வைக்கத் தொடங்கியிருக்காங்க, பாக்கவே சந்தோசமாக் கிடக்கு. 1978 சூறாவளியில கொஞ்சம் போச்சு, சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து திரிஞ்சதில கொஞ்சம் போச்சு, 2004 சுனாமியில கரையோரத்து வீடுகள்ல இருந்த உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் எல்லாம் அள்ளுப்பட்டுப் போச்சு, 2011 வெள்ளத்தில மிச்சமும் நனைஞ்சுது, அதனால இருக்கிறதயாவது காப்பாத்தோணும் எண்டு சனம் நினைக்கிறது நல்ல விசயம். ஆனா நான் ஸ்கேனர், போட்டோக்கொப்பி மெஷின் திருத்துற தொழில் செய்யிற ஆள், என்ர மேசைக்கு வாற மெஷின்களையும் அதுகள் எடுத்த ஸ்கேன்களையும் பாக்கக்குள்ள மனசுக்குப் பயமா இருக்கு, அதத்தான் உங்கட பேப்பர் மூலமாச் சொல்லுவம் எண்டு எழுதுறன்.

படுவான்கரையில இருந்து ஒரு அம்மா பென் டிரைவோட வந்தவ. அவட காணிப் பிளானக் கறையான் அரிச்சுப் போட்டுது, அதுக்கு முதல் எங்கயோ ஒரு இடத்தில ஸ்கேன் பண்ணி வச்சதுதான் மிச்சம். பிரிண்ட் எடுத்துப் பாத்தா நேராப் போக வேண்டிய எல்லைக் கோடு படிக்கட்டு மாதிரி உடைஞ்சு உடைஞ்சு போகுது, கோட்டுக்குப் பக்கத்தில எழுதியிருந்த நீளம் நசிஞ்சு 6ஆ 8ஆ எண்டே பிடிபடல்ல. "இந்தக் கோட்டக் கொஞ்சம் நேராக்கித் தா மனே" எண்டு கேட்டா. எப்பிடி நேராக்கிறது? ஸ்கேன் பண்ணேக்க மெஷின் வாசிக்காமத் தாண்டின இடத்த ஒரு சொஃப்ட்வெயராலயும் திரும்ப எடுக்கேலாது, கோட்ட நேரா இழுத்து விட்டா அது நான் கீறின கோடு, அந்தக் காணிர கோடு இல்ல. பழைய பிளான்கள்ல அங்குலத்துக்கு ஒரு செயின் எண்டு கீறினதுகள் கிடக்கு, செயின் எண்டா 66 அடி, அப்ப கடுதாசியில ஒரு மில்லிமீட்டர் பிசகினா நிலத்தில ரெண்டரை அடிக்கு மேல பிசகும். அண்ணன் தம்பிக்குள்ள வேலிச்சண்ட வாறதுக்கு இது காணும்.

அந்த ஸ்கேன் 1200 டிபிஐயில எடுத்தது, டிபிஐ எண்டா ஒரு அங்குலத்துக்கு எத்தின புள்ளி எண்ட கணக்கு. இதத்தான் எல்லாரும் விளங்கிக்கொள்ளோணும். கடையில போனா டிபிஐ எவ்வளவு எண்டு கேக்கிறாங்க, விக்கிறவரும் அத மட்டும் சொல்லுறார், ஆனா அந்தக் கணக்கில பாதி கண்ணில, மற்றப் பாதி காலில எண்டு ஆரும் சொல்லுறதில்ல. பெட்டியில 1200 பெருக்கல் 2400 எண்டு போட்டிருப்பான் பாருங்க, ஒரு இலக்கம் குறுக்கால சென்சர் எத்தின புள்ளியாப் பாக்குது எண்டது, மற்றது நெடுக மோட்டர் அந்தச் சென்சர எவ்வளவு சின்னச் சின்ன அடியா நகர்த்துது எண்டது. குறுக்கு இலக்கம் பிசகாது, அது சென்சருக்குள்ளயே பதிஞ்சு கிடக்கு. நெடுக்கு இலக்கம் முழுக்க முழுக்க மோட்டர், கியர், பெல்ட், கம்பி எல்லாம் ஒழுங்கா ஓடுறதில தொங்கிக் கிடக்கு. 600 டிபிஐ எண்டா ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில 0.042 மில்லிமீட்டர்தான், ஏ4 தாளுக்கு 7000 கோடு, அத பத்து செக்கனில ஓடி முடிக்கிற மெஷின் எண்டா செக்கனுக்கு 700 கோடு, ஒவ்வொண்டும் ஒரே இடைவெளியில விழோணும்.

கண்ணாடியக் கழட்டிப் பாத்தா உள்ளுக்குப் பெரிசா ஒண்டும் இல்ல. ஒரு வண்டி, அதில லைற்றும் சென்சரும். வண்டிக்கு ஒரு பக்கத்தில மினுங்குற இரும்புக் கம்பி, மற்றப் பக்கம் சும்மா பிளாஸ்டிக் விளிம்பில தங்கி வழுக்கி வரும். கம்பிக்குக் கிட்டவா பல்லு வச்ச பெல்ட் ஒண்டு, ஒரு தொங்கல்ல ஸ்ப்ரிங் போட்டு இழுத்து வச்ச புல்லி, மற்றத் தொங்கல்ல ஸ்டெப்பர் மோட்டரும் ரெண்டு மூண்டு கியரும். சில மெஷினில மோட்டர் வண்டியிலயே ஏறியிருந்து தானே ஊர்ந்து போகும். இழுவை ஒரு பக்கத்தில மட்டும் எண்டதால ஒரு பக்கமா வலிச்ச தோணி திரும்புற மாதிரி வண்டியும் கோணப் பாக்கும், அதக் கோணாமப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தக் கம்பியும் அதில ஏறுற புஷ் எண்ட வளையமும்தான், புஷ் தேஞ்சா எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சரியும்.

ஸ்டெப்பர் மோட்டர் சாதாரண மோட்டர் மாதிரிச் சுத்துறதில்ல, அடி அடியா வைக்கும். நல்ல மோட்டர் ஒரு சுத்துக்கு 200 அடி, அதாவது அடிக்கு 1.8 பாகை, மலிவான தகர மோட்டர் 48 அடி, அடிக்கு 7.5 பாகை. ஒவ்வொரு அடியிலயும் ஒரு சின்னக் குலுக்கல் வரும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில அந்தக் குலுக்கல் மெஷின்ர வெளிக்கூட்டோட சேந்து அதிரத் தொடங்கினா மெஷின் ஊளையிடும், அந்தச் சத்தம் கேட்ட இடத்தில படத்தில கோடு கோடா வரி விழுந்திருக்கும். அதுக்குத்தான் கம்பனிக்காரங்க கரண்டக் கூட்டிக் குறைச்சு ஒரு அடிய எட்டாப் பதினாறாப் பிரிச்சு வைக்கிறாங்க, மோட்டருக்குக் கீழ ரப்பர் வைக்கிறாங்க, கியர்ப் பல்லச் சரிவா வெட்டுறாங்க. பெரிய போட்டோக்கொப்பி மெஷின்கள்ல ட்ரம் எண்ட உருளைய ஒரே சீராச் சுத்த வைக்கப் பாரமான இரும்புச் சில்லே பூட்டியிருப்பாங்க, தூக்கிப் பாத்தவனுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்.

இவ்வளவும் செஞ்சு வந்த மெஷின எங்கட ஊரில கெடுக்கிறது ரெண்டு சாமான், உப்புக் காத்தும் காஞ்ச கிரீஸும். ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, கல்லடியிலயோ நாவலடியிலயோ சைக்கிள வெளிய விட்டா எப்பிடித் துருப்பிடிக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஸ்கேனர் கம்பி மட்டும் தப்புமா? கம்பியில பூசின கிரீஸ் வருசக்கணக்கில காஞ்சு, தூசி, தலைமயிர், எறும்பு எல்லாம் ஒட்டிக் கறுப்புப் பிசினா நிக்கும். நகத்தால சுரண்டினா மெழுகு மாதிரி உருண்டு வரும். அப்ப என்ன நடக்குது எண்டா மோட்டர் சின்ன அடி வைக்குது, பெல்ட் கொஞ்சம் இழுபடுது, ஆனா வண்டி பிசினில ஒட்டி அசையாது, அடுத்த அடி, அதுக்கடுத்த அடி, பெல்ட்டில இழுவை ஏறி ஏறி ஒரு கட்டத்தில வண்டி விடுபட்டு ஒரேயடியாத் துள்ளும். ஒட்டி நிண்ட நேரம் ஒரே கோட்டத் திரும்பத் திரும்ப வாசிச்சதால எழுத்து நீண்டு போகும், துள்ளின இடத்தில கோடுகள் வாசிக்கப்படாமலே போகும், எழுத்து நசியும். அந்த அம்மாட பிளானுக்கு நடந்தது இதுதான். அடியப் பதினாறாப் பிரிச்ச நுணுக்கமெல்லாம் ஒரு சொட்டுப் பிசினுக்கு முன்னால ஒண்டுமில்லாமப் போகுது.

இதுக்குச் சனம் செய்யிற வைத்தியம்தான் இன்னும் மோசம். தேங்காயெண்ணெய் விடுறாங்க, தையல் மெஷின் எண்ணெய் விடுறாங்க, டபிள்யூடி-40 அடிக்கிறாங்க. தேங்காயெண்ணெய் கொஞ்ச நாளில பசையாகும். டபிள்யூடி-40 இருந்த கிரீஸக் கழுவிக்கொண்டு போகும், அதுக்குப் பிறகு கம்பி வெறுங்கம்பி. அடிச்ச ஸ்ப்ரே கண்ணாடியிலயும் உள் மிரர்களிலயும் படிஞ்சா ஸ்கேன் எல்லாம் மங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான், பிளக்கக் கழட்டிப் போட்டு, நூல் விடாத துணியில கொஞ்சம் ஐசோபுறோப்பைல் அற்ககோல் தொட்டுக் கம்பிய மட்டும் பளிச்செண்டு துடைச்சு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவாற வெள்ளைக் கிரீஸ் கொஞ்சமா, விரலால தடவி இழுத்தாப் படலமாத் தெரியிற அளவு மட்டும் பூசி, பெல்ட்டக் கையால மெள்ள இழுத்து வண்டிய இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் ஓட்டிப் பாக்கிறது. எங்கயாவது பிடிக்குதா எண்டு விரலுக்கே தெரியும். பெல்ட்டில கிரீஸ் பட விடக்கூடாது. புது மெஷின் எண்டா ஏத்தி இறக்கக்குள்ள வண்டி அசையாமல் இருக்கப் போட்ட லொக் இருந்தாத் திறந்து போட்டுத்தான் ஓன் பண்ணோணும், அது பூட்டிக் கிடக்க ஓன் பண்ணிக் கியர்ப் பல்லு போன மெஷின்களும் வந்திருக்கு.

பிழை எங்க எண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. வண்டி ஓடுற திசையில நெடுக ஒரு கோடு விழுந்தா அது தூசி, இல்லாட்டிச் சென்சர். குறுக்கால வரி வரியா விழுந்தா அது ஓட்டத்தில உள்ள பிழை. வரிக்கு வரி தூரம் ஒரே அளவா இருந்தா அத அளந்து பாருங்க, 0.08 அங்குலம், அதாவது 2.032 மில்லிமீட்டர் இடைவெளியில பல்லு வச்ச பெல்ட் நிறைய மெஷினில வருது, அதில 16 பல்லுப் புல்லி எண்டா ஒரு சுத்துக்கு 32.5 மில்லிமீட்டர், அந்தத் தூரத்துக்கொருக்கா வரி வந்தா புல்லி கோணல், 2 மில்லிமீட்டருக்கொருக்கா வந்தாப் பல்லு சரியாக் கொழுவுதில்ல. கறுப்பு எழுத்துக்கு மேலயும் கீழயும் சிவப்பு நீலமாச் சாயம் தெரிஞ்சாலும் கனக்க இதே ஓட்டப் பிழைதான், சிவப்பு பச்சை நீலம் மூண்டையும் மெஷின் ஒரே இடத்தில ஒரே நேரத்தில பாக்கிறதில்ல, ஓடிக்கொண்டே ஒண்டுக்குப் பிறகு ஒண்டாப் பாக்குது, ஓட்டம் குழம்பினா மூண்டும் ஒண்டில ஒண்டு பொருந்தாது.

இன்னொண்டு, நல்ல மெஷினே இடையில நிண்டு, பின்னுக்குப் போய், திரும்ப வெளிக்கிடும், அது மோட்டர்ப் பிழை இல்ல. ஏ4 ஒண்ட 600 டிபிஐ கலரில எடுத்தா 100 மெகாபைட்டுக்கு மேல, பழைய யூஎஸ்பி 1.1 வழியாச் செக்கனுக்கு ஒண்டரை மெகாபைட்டும் ஒழுங்காப் போகாது, அனுப்ப இடமில்லாம மெஷின் நிக்குது, நிண்டு வெளிக்கிட்ட இடத்தில தையல் மாதிரி ஒரு ஒட்டு விழும். மெஷினிலயும் கொம்பியூட்டரிலயும் யூஎஸ்பி 2.0 இருந்து நேராக் குத்தினா இது கனக்கக் குறையும். மேசையையும் பாருங்க, ஆடுற மேசையில ஜெனரேட்டருக்குப் பக்கத்தில வச்சு எடுத்த ஸ்கேன் எனக்குப் பாத்த உடன தெரியும்.

தாள் அடுக்கி வச்சு இழுக்கிற ஃபீடரப் பத்தி நீட்டாமச் சொல்லுறன். ரோலர் வழுக்கினாத் தாள் நீண்டோ குறுகியோ வரும், ரப்பர் வெயிலுக்கு இறுகினா வழுக்கும். பழைய தாள் ஒண்டையும் அதுக்குள்ள விடாதீங்க, கிழியும். ஓலைச்சுவடியும் கூத்துக் கொப்பியும் ஸ்கேனர் கண்ணாடியில அமத்துறதே பிழை, மேல இருந்து கமராவால எடுக்கிறதுதான் அதுகளுக்கு நல்லது, அங்க ஓடுற வண்டியே இல்ல.

இப்ப நான் கேக்கிறது இதுதான். ஆவணம் ஸ்கேன் பண்ண மெஷின் வாங்குற சங்கமோ பள்ளிக்கூடமோ கொட்டேஷன் கேக்கக்குள்ள டிபிஐயோட நிக்காம, கடையிலயே ஒரு சோதனை செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஒரு இரும்பு அடிமட்டத்தக் கண்ணாடியில மூலைக்கு மூலை சரிவா வச்சு 600 டிபிஐயில எடுத்துப் பெரிசாக்கிப் பாத்தா விளிம்பு நேராப் போகோணும், நெளிஞ்சா அந்த மெஷின் வேணாம். பிறகு அதே அடிமட்டத்த நெடுக வச்சு எடுங்க, 10 சென்டிமீட்டருக்கு 2362 பிக்சல் வரோணும், தொடக்கத்திலயும் நடுவிலயும் கடைசியிலயும். வாங்கின பிறகும் வேலை தொடங்க முதல் ஒவ்வொரு மாசமும் இத எடுத்து, அந்தப் படத்தயும் மற்ற ஸ்கேன்களோட சேத்து வையுங்க, பிற்காலத்தில ஆராவது ஒரு பிளான அளந்து பாக்க வந்தா அண்டைக்கு மெஷின் எப்பிடி ஓடினது எண்டு அவருக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்த உடன மூலத்தக் கையில வச்சுக்கொண்டே ஒரு பக்கத்தப் பெரிசாக்கிப் பாத்துப் போட்டுத்தான் அடுத்ததுக்குப் போகோணும்.

பெல்ட் அறுந்தா மெஷினத் தூக்கி எறியாதீங்க. பல்ல எண்ணி, அகலத்த அளந்து, பல்லுக்குப் பல்லு தூரத்தையும் சொன்னா அதே அளவில பெல்ட் எடுக்கலாம், பழுதான பிரிண்டரில இருந்தும் சில நேரம் பொருந்தும். ஏலாட்டிக் கிட்ட இருக்கிற திருத்துறவங்களிட்டக் கொண்டு போங்க, கம்பி துடைச்சுக் கிரீஸ் பூசுறது பெரிய வேலை இல்ல.

இத ஒரு மூலையிலயாவது போட்டு விடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஸ்கேனர் திருத்துற வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.