தக்காளி விலையும் உன் மாணவியின் ஆய்வும்

அன்பு நண்பா,

உன் கடிதமும், அதோடு நீ அனுப்பிய உன் மாணவியின் ஆய்வுச் சுருக்கமும் வந்து சேர்ந்தன. மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதிய நீ, உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இங்கே நாங்கள் நலம். ஓய்வுக்குப் பிறகு ஒட்டன்சத்திரத்திலேயே தங்கிவிட்டோம். காய்கறி மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் படித்ததையும் பார்ப்பதையும் ஒன்றாக வைத்து யோசிக்க முடிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டத்தைச் சட்டத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஒருவர் எடுப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் பொருளாதாரத் துறையில் சந்தையை ஆராய்பவர்கள் சட்டத்தை முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். உன் மாணவி அதையே நடுவில் வைக்கிறாள். ஆனால் சுருக்கத்தின் கடைசிப் பக்கம் என்னை யோசிக்க வைத்தது. ஆய்வு தொடங்கும் முன்பே அவள் முடிவை எழுதிவிட்டாள்: உழவர்களுக்கு விலைத் தகவல் தெரிவதில்லை, விழிப்புணர்வு வேண்டும், இடைத்தரகரை ஒழிக்க வேண்டும்.

வெளித் தேர்வாளராக நான் படித்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் வந்து நின்றன. ஒரு மாவட்டம், சில வட்டாரங்கள், இருநூறு முந்நூறு உழவர்கள். அவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து உங்கள் பிரச்சினைகளை வரிசைப்படுத்துங்கள் என்று கேட்பார்கள். அந்த வரிசையை மதிப்பெண்ணாக மாற்றும் காரெட் தரவரிசை முறையில் கணக்குப் போடுவார்கள். விலை ஏற்ற இறக்கம் முதலிடம், கிடங்கு வசதி இல்லாமை இரண்டாம் இடம், தகவல் இல்லாமை மூன்றாம் இடம் என்று அட்டவணை வரும். அரசு ஆவன செய்ய வேண்டும் என்று பரிந்துரை வரும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வெயிலில் ஊர் ஊராக அலைந்திருப்பார்கள். ஆனால் தகவல் கிடைத்தால் உழவனுக்கு உண்மையிலேயே கூடுதல் விலை கிடைக்குமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதை உன் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வட கேரளத்தில் மத்தி மீன் சந்தையை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997 ஜனவரியில் ஒருநாள் காலை வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். எந்தக் கரையில் ஆள் இருக்கிறது என்று கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. 1997-இலிருந்து 2001-க்குள் அந்தக் கரையோரம் முழுக்கக் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேலும் சிக்னல் கிடைத்தது. படகிலிருந்தே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கத்துக்கும் நன்மை தந்த இந்த முடிவை நான் வகுப்பில் வருடந்தோறும் சொல்வேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

இதை மட்டும் படித்தால் உன் மாணவி சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் மேற்கு வங்கத்து உருளைக்கிழங்கைப் பார். 2008-இல் ஹூக்ளி, மேற்கு மேதினிபூர் மாவட்டங்களில் 72 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுக் குழு சோதனை நடத்தியது. சில கிராமங்களில் உழவர்களுக்குக் கைபேசியில் தனித்தனியாக மொத்தச் சந்தை விலையைச் சொன்னார்கள். சிலவற்றில் பொது இடத்தில் எழுதி ஒட்டினார்கள். மீதிக் கிராமங்களில் ஒன்றும் செய்யவில்லை. உழவனுக்குக் கிடைத்த சராசரி விலையில் மாற்றமே இல்லை! மகாராஷ்டிரத்தில் குறுஞ்செய்தியில் விலையும் வானிலையும் அனுப்பும் சேவையை 100 கிராமங்களில் ஃபாஃப்ஷாம், மின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அங்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

ஒரே கைபேசி, ஒரே தகவல். ஏன் ஓரிடத்தில் வேலை செய்து மற்ற இடத்தில் செய்யவில்லை? மீனவனால் படகைத் திருப்ப முடியும். வடகரையில் ஆளில்லை என்றால் அடுத்த கரைக்குப் போய்விடுவான். வங்கத்து உழவனோ மொத்தச் சந்தைக்குள் நேரடியாகப் போய் விற்க முடியாது. ஊரில் வந்து எடுக்கும் வியாபாரியிடம்தான் கொடுத்தாக வேண்டும். அங்கே என்ன விலை என்று தெரிந்தாலும் அதை வைத்துப் பேரம் பேச அவனுக்கு வேறு வாசல் இல்லை. நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். விலை தெரிவது ஒன்று, வேறிடம் போக முடிவது வேறொன்று. இரண்டாவதைத் தீர்மானிப்பவை சட்டம், கடன், சாலை, காய் எத்தனை நாள் தாங்கும் என்பது. இதில் சட்டத்தையும் கடனையும் எங்களைவிட உன் துறைதான் நன்றாக ஆராய முடியும்.

அதனால் அவளை விழிப்புணர்வை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை எடுக்கச் சொல்: எந்தச் சட்ட விதி உழவனை வேறிடம் போக விடுகிறது, எது தடுக்கிறது? நம்மிடம் இதற்கு நல்ல வரலாறு இருக்கிறது. அரச வேளாண் ஆணையம் 1928-இல் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் வந்தது. தப்பு எடைக்கல், காரணமில்லாத பிடித்தம், விலையை மறைத்துப் பேசுவது, இவற்றை நிறுத்துவதற்காக வந்த சட்டம் அது. உரிமமும் கட்டுப்பாடும் தங்கள் தொழில் உரிமையைப் பறிக்கின்றன என்று வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். அருணாசல நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவிப்பவனின் நலனுக்கான நியாயமான கட்டுப்பாடு என்று சட்டத்தை நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பை நீ எனக்கு விடுதி மொட்டை மாடியில் விளக்கிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தீர்ப்பு நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று உழவனைக் காக்கப் போட்ட வேலி, சில மாநிலங்களில் சில பயிர்களில், பிற்பாடு உள்ளே இருக்கும் சில வியாபாரிகளுக்கு மட்டும் பாதுகாப்பாக மாறியதா என்பதை யாராவது நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

2020-இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களின் கதையும் இங்கே வரும். ஒன்றிய அரசு, அரசியலமைப்பில் ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 33-ஆம் இனத்தை, அதாவது உணவுப் பொருள் வணிகத்தை, ஆதாரமாகக் காட்டியது. வேளாண்மையும் சந்தையும் மாநிலப் பட்டியலின் 14, 28-ஆம் இனங்களில் இருக்கின்றன என்பது மாநிலங்களின் வாதம். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நவம்பரில் நாடாளுமன்றமே சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு அந்தச் சட்டங்களை வைத்துத் தீர்ப்பு வராமலே போயிற்று. ஒரு சட்ட ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஒப்பிட்டுப் பார்க்கவும் இடமிருக்கிறது. பீகார் தன் சந்தைச் சட்டத்தை 2006-இல் நீக்கிவிட்டது. கேரளத்தில் அப்படிப்பட்ட சட்டமே இருந்ததில்லை. நம் ஊரில் சட்டம் இருக்கிறது, ஆனால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு நெல்லும் நிலக்கடலையும் பருத்தியும் மஞ்சளும் மக்காச்சோளமும்தான் அதிகம் வருகின்றன. காய்கறி பெரும்பாலும் கமிஷன் மண்டிக்குத்தான் போகிறது.

கமிஷன் மண்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இடைத்தரகரை ஒழிக்க வேண்டும் என்று எழுதும் முன்பு, விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் யார் கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்கட்டும். நடவு நேரத்தில் எந்தப் பத்திரமும் இல்லாமல் பணம் கொடுப்பவர் மண்டிக்காரர்தான். வீட்டில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். அதற்குப் பதிலாகக் காய் அந்தக் கடைக்கே வர வேண்டும். எழுதாத அந்த ஒப்பந்தம்தான் படகைத் திருப்ப விடாமல் கட்டிப்போடும் கயிறு. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோது எனக்கு இருந்த மகிழ்ச்சி பெரிது, இன்றும் அது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் அங்கே தினம் கொஞ்சம் காய் கொண்டுபோய் உட்கார்ந்து விற்க நேரமும் ஆளும் உள்ள உழவர்களுக்குத்தான் அது பயன்படுகிறது. ஒரே நாளில் வண்டி நிறையத் தக்காளி பறிப்பவன் மண்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அப்புறம், விடுதியில் நம் அறையில் இருந்த கணக்கு வாத்தியாரைப் போன வாரம் பார்த்தேன். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். தக்காளி விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டான். சிலந்திவலைத் தேற்றத்தைச் சொன்னேன். 1938-இல் எசக்கியேல் என்ற பொருளாதார அறிஞர் விரிவாக எழுதியது. இன்றைய விலையைப் பார்த்து உழவன் பயிரிடுகிறான், காய் வருவதோ அடுத்த பருவத்தில். விலை ஒரு ரூபாய் கூடினால் உழவர்கள் 3 லோடு கூடுதலாக விளைவிக்கிறார்கள், ஒரு ரூபாய் குறைந்தால் மக்கள் 2 லோடுதான் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள். வழக்கமான விலையைவிட 10 ரூபாய் ஏறினால் அடுத்த பருவம் 15 ரூபாய் இறங்கும், அதற்கடுத்து 22.50 ஏறும். ஆட்டம் அடங்காமல் பெரிதாகிக்கொண்டே போகும். நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் 2023-இல் ஜூலை, ஆகஸ்டில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி செப்டம்பரில் பல ஊர்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போனதே.

அவன் உடனே கேட்டான், உழவன் என்ன ஏமாளியா, இரண்டு முறை அடி வாங்கினால் மூன்றாம் முறை புரியாதா என்று. 1961-இல் பொருளாதார அறிஞர் ஜான் மூத் கிளப்பிய ஆட்சேபம் அதேதான்! என் எண்ணம் இது: உழவனுக்குப் புரியும். ஆனால் இந்த வாரம் எத்தனை பேர் எத்தனை ஏக்கரில் நாற்று நட்டார்கள் என்று அவனுக்குச் சொல்ல யாருமில்லை. இன்றைய விலையைச் சொல்லும் பலகை ஊருக்கு ஊர் இருக்கிறது. நடவுப் பரப்பைச் சொல்லும் பலகை வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்கு முன்கூட்டியே விலைக் கணிப்பு வெளியிடுகிறது, நல்ல முயற்சி. ஆனால் கணிப்பை எல்லோரும் நம்பிப் பயிரிட்டால் கணிப்பே மாறிவிடுமே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

சுருக்கத்தில் இன்னொரு வரி: நாட்டில் விளையும் காய்கனிகளில் 40 சதவீதம் வீணாகிறது என்று. அதை எடுத்துவிடச் சொல். லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் அளந்து 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் தக்காளிக்கு 12.44 சதவீதம், அதிகபட்சமாகக் கொய்யாவுக்கு 15.88 சதவீதம். அதுவே வருந்தத்தக்க அளவுதான்.

கடைசியாக, அவளுடைய வினாப்பட்டியல். கமிஷன் எத்தனை சதவீதம், போக்குவரத்துச் செலவு விற்ற விலையில் எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறாள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பழம் விற்கும் சிறுவர்களை வைத்து 1985-இல் வெளியான ஆய்வு உனக்கும் பிடிக்கும். வியாபாரத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். 2025-இல் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டூஃப்லோ குழுவினர் வெளியிட்டதும் அதையே காட்டுகிறது. பள்ளிக்கூடம் மட்டும் போகும் பிள்ளைகளுக்குப் புத்தகக் கணக்கு வருகிறது, சந்தைக் கணக்கு வரவில்லை. இதைப் படித்து எனக்கு மனம் கனத்தது. இவ்வளவு அறிவு வைத்திருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மக்கு என்று வெளியே அனுப்புகிறது. வினாப்பட்டியலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. உழவனிடம் சதவீதம் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வான், அல்லது கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்வான். பெட்டிக்கு எவ்வளவு பிடித்தார்கள், வண்டிக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கையில் எவ்வளவு வந்தது என்று கேட்கட்டும். பைசா சுத்தமாகச் சொல்வான். முடிந்தால் மண்டிச் சீட்டையே வாங்கிப் பார்க்கட்டும். பிடித்தம் ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுகளைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தாலே ஓர் அத்தியாயம் வரும்.

பொங்கல் கழித்து அவளை இங்கே அனுப்பு. எங்கள் வீட்டிலேயே தங்கட்டும், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. விடியற்காலை மார்க்கெட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன், எனக்குத் தெரிந்த உழவர்களும் மண்டிக்காரர்களும் மனம் விட்டுப் பேசுவார்கள். ஒரு நிபந்தனை: ஆய்வு முடிந்ததும் முக்கியமான முடிவுகளைத் தமிழில் எழுதி, பதில் சொன்னவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இப்போதே அவளிடம் சொல்லிவிடு. நீயும் கூடவே வா. கணக்கு வாத்தியாரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

பேரனுக்கு என் ஆசிகள். முழங்கால் பற்றி எழுது.

உன் அன்பு நண்பன்