வேதபாடக் குழு நடத்த முன்வருகிறவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, பொறுப்பெடுக்க ஆசைப்படுவது பெருமையோ என்று தயங்க வேண்டாம். 1 தீமோத்தேயு 3:1 அதை நல்ல வேலை என்றே சொல்கிறது. ஆனால் 6-ஆம் வசனம் புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவரை நிறுத்திவைக்கிறது. ஆகவே முதல் 4 வாரம் நடத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்ப ஜெபம் மட்டும் செய்யுங்கள்.

குழு 10 பேரைத் தாண்ட வேண்டாம்; யாத்திராகமம் 18-இல் எத்திரோ தன் மருமகன் மோசேக்கு ஜனங்களைப் பிரித்து நடத்தச் சொன்னபோது மிகச் சிறிய பிரிவும் பத்துப் பேர்தான்.

பெரும்பாலும் தவறுவது இங்கே: கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருமுன் தாங்களே பிரசங்கம் பண்ணிவிடுகிறார்கள். அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் அமைதி என்றால் அதே வசனத்தை இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒருவர் சொன்ன ஜெப விண்ணப்பத்தை அவர் அனுமதியில்லாமல் பகிராதீர்கள்.

விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொல்லுங்கள்.